நீலகிரியில் ஏழு நாள்: சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகள், குன்னூர்க்காரன் சொன்ன பதில்கள்

மார்ச் பாதி தாண்டினால் என் போன் ஓயாது. "தம்பி, நீ குன்னூர்லதானே இருக்க?" என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சும் ரூம், வண்டி, ரயில் டிக்கெட் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. போன வருடம் சித்திக்கு எழுதி அனுப்பிய நீளமான வாட்ஸ்அப் செய்தியைக் கொஞ்சம் சரிசெய்து, மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே போட்டிருக்கிறேன். கேள்விகள் ஏறக்குறைய அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

ஒரு வாரமா? ஊட்டியில் அவ்வளவு நாள் பார்க்க என்ன இருக்கிறது?

ஊட்டியை மட்டும் பார்ப்பது என்றால் இரண்டு நாள் தாராளம். ஆனால் மலை ஊட்டியோடு முடிந்துவிடவில்லையே. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். கோத்தகிரியும் குன்னூரும் 1,800 மீட்டரை ஒட்டி. ஊட்டி 2,240, தொட்டபெட்டா உச்சி 2,637. அந்தப் பக்கம் இறங்கினால் கூடலூர் ஆயிரம் மீட்டர் சுமார், அதைத் தாண்டி முதுமலைக் காடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். காலையில் மேட்டுப்பாளையத்தில் வேர்த்து விறுவிறுத்தவர் மத்தியானம் ஊட்டியில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். கீழே பாக்குத்தோப்பு, மேலே தேயிலை, அதற்கும் மேலே சோலையும் புல்வெளியும், மறுபக்கம் முள்காடு. ஒரு வாரம் இருந்தால்தான் இத்தனையும் கண்ணில் படும்.

மூன்று நாளில் வந்து போகிறவர்கள் ஊட்டியில் ஒரு ரூம் போட்டுவிட்டு, தினமும் அங்கிருந்தே கிளம்பி ராத்திரி அங்கேயே திரும்புகிறார்கள். பாதிப் பொழுது ஊட்டியின் சேரிங்கிராஸ் சந்திப்பு நெரிசலில் போய்விடும். ஏழு நாள் இருக்கிறது என்றால் படுக்கையை மூன்று இடத்தில் போடுங்கள். நான் சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் அதற்கு விளக்கம்.

சரி, எந்த நாள் எங்கே? அதைச் சொல்லு முதல்ல.

முதல் மூன்று இரவு கோத்தகிரி அல்லது குன்னூர். இரண்டுக்கும் நடுவே 20 கிலோமீட்டர்தான், எது கிடைக்கிறதோ அது. அடுத்த இரண்டு இரவு ஊட்டி. கடைசி இரவு மசினகுடி அல்லது கூடலூர். ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக இறங்குகிற கணக்கு.

முதல் நாள் வந்து சேர்வது மட்டும். எதையும் சேர்க்காதீர்கள், மலைப்பாதையில் வந்த குழந்தைகளுக்கு அன்று சாயங்காலம் படுக்கத்தான் தோன்றும். இரண்டாம் நாள் காலையிலேயே கோடநாடு காட்சிமுனை. கோத்தகிரியிலிருந்து முக்கால் மணி நேரம். கீழே மோயாறு வெள்ளிக் கம்பி போல ஓடும், தூரத்தில் தெங்குமரஹாடா கிராமம் பச்சைத் துண்டு மாதிரி தெரியும். திரும்பும்போது கேத்தரின் அருவி, பிறகு கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா. ஊட்டி என்ற ஊரை உருவாக்கிய கோயம்புத்தூர் கலெக்டர் அவர். அவருடைய முதல் வீடு ஊட்டியில் இல்லாமல் இங்கே நீலகிரியின் படகர் சமூகத்தார் வாழும் ஒரு கிராமத்தின் ஓரத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. இப்போது அது சின்ன அருங்காட்சியகம்.

மூன்றாம் நாள் குன்னூர். காலையில் டால்பின் நோஸ், லாம்ஸ் ராக் காட்சிமுனைகள். வெயில் ஏறியதும் 1874-ல் உருவான சிம்ஸ் பூங்காவில் நிழலில் நடை. நான்காம் நாள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, வீட்டார் எல்லோரும் குன்னூரிலிருந்து மலை ரயிலில் ஊட்டி. மத்தியானம் தாவரவியல் பூங்கா. ஐந்தாம் நாள் அவலாஞ்சி, எமரால்டு பக்கம். ஆறாம் நாள் பைக்காரா பார்த்துவிட்டு, கூடலூர் சாலையில் ஊசிமலையில் நின்று, தெப்பக்காடு வழியாக மசினகுடி. ஏழாம் நாள் காலை காட்டுக்குள் சஃபாரி, யானை முகாம், அப்புறம் வீடு.

தொட்டபெட்டாவை ஏன் விட்டுவிட்டாய் என்று மாமா கேட்டார். விடவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கேட் திறந்ததும் முதல் ஆளாகப் போக முடிந்தால் போங்கள். மே மாதம் பதினொரு மணிக்குப் போனால் வண்டிகளின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள்.

கூகுள் மேப்பில் ஒன்றரை மணி நேரம் என்று காட்டுகிறதே, ஒரே நாளில் நாலு இடம் போகக்கூடாதா?

மலையில் கிலோமீட்டரை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள். ஊட்டி - குன்னூர் 18 கிலோமீட்டர்தான். ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அதற்கு இரண்டு மணி நேரம் ஆனதை நான் அனுபவித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கணக்கு இது: காலையில் ஒரு இடம், மத்தியானத்துக்கு மேல் ஒரு இடம். மூன்றாவது இடம் கிடைத்தால் லாபம்.

இன்னொன்று, பனிமூட்டம். பள்ளத்தாக்கைப் பார்க்கும் காட்சிமுனைகள் எல்லாம் காலை பத்து மணிக்குள் முடிய வேண்டும். மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு மேகம் கீழிருந்து ஏறி வரும். டிக்கெட் வாங்கிக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறைய. பூங்கா, தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாம் மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வரலாம்?

ஏப்ரல், மே முதல் சீசன். மே மாதம் மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி, கூடவே கூட்டம். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். பூங்காவில் பூ இருக்கும், ரூம் வாடகையும் மேயை விடக் குறைவு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னைக்காரர்களுக்கு அந்த எண்ணின் கனம் புரியும். அதே சமயம் கோத்தகிரியில் தூறலோடு நிற்கும், ஏனென்றால் மலையின் மறுபக்கம் மழை மறைவில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால் கதை தலைகீழ்: அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி சரிவுகளில்தான் மண் சரியும், ரயில் நிற்கும். எந்த மாதம் என்பதோடு எந்தச் சரிவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் ஜனவரி. பொங்கல் விடுமுறைக் கூட்டம் வடிந்த பிறகு வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் குளிர் அடிக்கும். தலைக்குந்தாவில் காலை ஆறு மணிக்குப் புல்வெளி முழுக்க உப்புத் தூவிய மாதிரி வெளுத்துக் கிடக்கும். நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் சீட்டை நகத்தால் சுரண்டினால் ஐஸ் துருவல் வரும். உங்களுக்கு அது வேடிக்கை, தேயிலைக்காரருக்கு வயிற்றெரிச்சல். உறைபனி விழுந்த செடி வெயில் பட்டதும் கருகிவிடும்.

இ-பாஸ் கட்டாயமா? எல்லையில் வாங்கிக்கொள்ளலாமா?

கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறு 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. கட்டணம் இல்லை. வண்டி எண், ஆட்கள், எத்தனை நாள், எங்கே தங்குவது இதையெல்லாம் கொடுத்தால் க்யூஆர் கோடு வரும், சோதனைச்சாவடியில் ஸ்கேன் செய்வார்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் அரசின் இ-பாஸ் தளத்தை ஒருமுறை பாருங்கள். ரூம் போட்ட அன்றே பாஸும் எடுத்துவிடுங்கள். என் நண்பன் ஒருத்தன் கல்லாறில் வண்டியை ஓரங்கட்டி, சிக்னலுக்காகப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்ற போட்டோ எங்கள் குரூப்பில் இன்னும் சுற்றுகிறது.

அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் வேண்டாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து எந்த ரோடு நல்லது?

இரண்டு வழி. பர்லியாறு, குன்னூர் வழி ஒன்று. குஞ்சப்பனை, கோத்தகிரி வழி இன்னொன்று. சாதாரண நாளில் எதிலும் போகலாம், வாந்தி வரும் பிள்ளைகள் இருந்தால் கோத்தகிரி ரோடு கொஞ்சம் பரவாயில்லை. சீசனில் ஒருவழிப்பாதை போடுவது வழக்கம்: குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம். அப்போது கோத்தகிரியில் முதல் ரூம் போட்டவர்கள் குன்னூரைச் சுற்றித்தான் போய்ச் சேர வேண்டும். மே மாதப் பயணம் என்றால் முதல் ரூமைக் குன்னூரிலேயே போட்டுவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஜூன், ஜூலையில் குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கும். வாசனைக்கு யானை மேலே ஏறி வரும். ரோட்டில் நான்கு வண்டி சும்மா நிற்கிறது என்றால் முந்தப் பார்க்காதீர்கள், ஹாரனும் அடிக்காதீர்கள். அது போகும்போது போகும்.

நானே ஓட்டலாமா, டிரைவர் வைக்கலாமா?

சமவெளியில் பத்து வருடம் ஓட்டியவர் என்பது இங்கே செல்லாது. ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்குவதுதான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். வண்டியை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

என் அத்தை மகன் குன்னூரிலிருந்து இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பாதி வழியில் கருகல் வாசனை. "எந்த லாரியோ" என்றான். அடுத்த கொண்டை ஊசியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. நல்லவேளை, ஓரத்தில் இடம் இருந்தது, ஹேண்ட் பிரேக்கும் கை கொடுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து புகை. குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதில் ஊற்றப் போனான், டீக்கடைக்காரர் ஓடி வந்து தடுத்தார். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிவிடும் அல்லது விரிசல் விடும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தோம், தானாக ஆறியது. மீதி வழி முழுக்க இரண்டாவது கியர். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்ற பாடத்தையும் அன்றைக்கே அவனுக்கு எடுத்தேன்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'எல்' அல்லது மேனுவல் நிலை எங்கே என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

டிரைவரோடு வந்தால் அவர் எங்கே படுப்பார் என்று ரூம் போடும்போதே கேளுங்கள். எட்டு டிகிரி குளிரில் காருக்குள் சுருண்டு கிடந்தவர் மறுநாள் காலை உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டப் போகிறார். அதை நினைத்தால் ஒரு ரூமுக்குக் கணக்குப் பார்க்க மாட்டீர்கள்.

மலை ரயிலில் டிக்கெட் கிடைக்கவே இல்லையே?

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணி சுமாருக்குக் கிளம்பும் ரயிலுக்கு முன்பதிவு திறந்த அன்றே உட்கார வேண்டும், இப்போது 60 நாள் முன்னால். அதில் போகிற பாக்கியம் கிடைத்தால் விடாதீர்கள். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்லுச் சட்டம் ஆரம்பிக்கும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டரை அடி போனால் ஒரு அடி உயரம். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டியில் இருப்பவருக்கு எதிரே வெறும் மலைதான். குன்னூர் வரைக்கும் பாதை 1899-ல் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். யுனெஸ்கோ பட்டியலில் 2005-ல் சேர்ந்தது. இப்போது ஓடும் நீராவி எஞ்சின்களில் சில திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தவை.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்குவார்கள். அங்கே குரங்குகளுக்கு ரயில் நேரம் அத்துப்படி. வடையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி செல்ஃபி எடுக்காதீர்கள்.

கிடைக்கவில்லை என்றால் குன்னூர் - ஊட்டி ரயில் இருக்கிறது. ஒரு நாளில் பல நடை. டீசல் எஞ்சின்தான், பல்லுச் சட்டமும் இல்லை. ஆனால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் அழகு. கேத்தியில் ஜன்னல் வழியாகக் கேரட் பாத்திகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு மணி நேரப் பயணம், குழந்தைகளுக்கு அதுவே போதும். ஐந்து மணி நேர ரயிலில் பாதி வழியில் "எப்போ வரும்?" கேட்காத குழந்தையை நான் பார்த்ததில்லை.

பெரியப்பாவுக்கு 72 வயது. மேலே மூச்சு வாங்குமா?

லடாக் மாதிரி பயம் இங்கே தேவையில்லை. உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொந்தரவு செய்யும். ஊட்டி அதற்குக் கீழே. ஆனாலும் இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். சேலத்தில் மாடிப்படி ஏறினால் வராத இளைப்பு ஊட்டிப் பூங்கா மேட்டில் வரும். முதலில் கோத்தகிரி, குன்னூரில் மூன்று இரவு தங்கச் சொன்னதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குளிர் காற்றில் இளைப்பு அதிகமாகும் என்பதால் இன்ஹேலர் பெட்டிக்குள் இருக்க வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும். மருந்துக் கடைகள் ராத்திரி சீக்கிரம் சாத்திவிடுவார்கள், மாத்திரையை ஏழு நாளுக்கும் கையோடு கொண்டு வாருங்கள்.

முக்கால்வாசிப் பேருக்கு வருவது வளைவு மயக்கம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக்கூடாது, வெறும் வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். பிள்ளைகள் போனைப் பார்க்காமல் முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கட்டும்.

காட்டேஜில் சமைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அரிசி பருப்பு கொண்டு வரலாமா?

வரலாம், குக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்போம், உள்ளே துவரம்பருப்பு கல்லாகவே கிடக்கும். சித்தி முதல் தடவை வந்தபோது பாத்திரத்தில் சாதம் வைத்துவிட்டு அரிசியைத் திட்டினார், பிறகு அடுப்பை, கடைசியில் என்னை. பாவம், அரிசி மேல் தப்பில்லை.

எவ்வளவு கம்பளி எடுத்துக்கொள்வது?

மேயில் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர். டிசம்பர், ஜனவரியில் குல்லா, சாக்ஸ், கையுறை. ஒரே தடித்த கோட்டை விட மெல்லியதாக இரண்டு மூன்று மேலே மேலே போட்டுக்கொள்வது நல்லது. மத்தியான வெயில் சுளீரென்று அடிக்கும், கழற்ற வேண்டியிருக்கும். முதுமலையில் ஸ்வெட்டரே தேவைப்படாமல் போகலாம். குடை எல்லா மாதமும்.

கூட்டம் போகாத இடமாக ஒன்றிரண்டு சொல்லேன்.

செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் ஊட்டி நடுவிலேயே இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான வண்டிகள் நிற்பதில்லை. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்து எடுத்து வந்த மரம். அந்தக் காலத்தில் இந்த மலைக்கு அதை எப்படி ஏற்றினார்கள் என்று ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்ப்பேன். பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம், அதில் சல்லிவனின் மனைவியும் மகளும்.

இன்னொன்று முத்தோரை வானொலித் தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-ல் முடிந்தது. ஏன் ஊட்டியில் கட்டினார்கள்? ஊட்டி நில நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் தொலைநோக்கியைக் கிடத்தினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே திசையில் திருப்பிக்கொண்டே வந்தால் வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். மலை இங்கே இயந்திரத்தின் ஒரு பாகம். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தச் சிரமத்துக்குத் தகும்.

எதை விட்டுவிடலாம்?

படகு இல்லத்தில் நீண்ட வரிசை இருந்தால். "டீ ஃபேக்டரி, சாக்லேட் ஃபேக்டரி" என்ற பலகை இருக்கும் எல்லா இடத்தையும் பார்க்கத் தேவையில்லை, ஒன்று போதும். மெழுகுச் சிலை, கண்ணாடி மாளிகை வகையறா உங்கள் ஊரிலும் இருக்கும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி 30 கிலோமீட்டர்தானே? ஏன் கூடலூரைச் சுற்றச் சொல்கிறாய்?

36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். உயிர்கள் போன பிறகு, வெளி மாவட்ட வண்டிகள் அந்த வழியில் இறங்கத் தடை போட்டார்கள்; ஏறி வரலாம். தடை இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். கூடலூர் வழி இரண்டு மடங்குக்கு மேல் தூரம். ஆனால் வழியில் பைக்காரா இருக்கிறது, ஊசிமலை இருக்கிறது, நடுவட்டத்தில் டீ இருக்கிறது. அந்தத் தூரம் வீண் இல்லை.

பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகிறவர்கள் கவனம்: ராத்திரி 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலை மூடியிருக்கும். எட்டே முக்காலுக்கு வந்து கெஞ்சிக்கொண்டு நிற்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் கூடாது, அபராதம் உண்டு. மானுக்கு பிஸ்கட் போடுவதற்கும்தான்.

புலி பார்க்க முடியுமா?

சஃபாரியில் மான், மயில் நிச்சயம். யானை, காட்டெருமை பெரும்பாலும். புலி உங்கள் ஜாதகம். காட்டெருமையைப் பார்க்க முதுமலை வரை போகவும் வேண்டாம். எங்கள் தெருவிலேயே நிற்கும். போன மாதம் காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால், கேட்டுக்கு வெளியே கரிய மலை ஒன்று அசை போட்டுக்கொண்டு நிற்கிறது. முட்டிக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். மூச்சு விடும்போது மூக்கிலிருந்து ஆவி. மெதுவாகக் கதவைச் சாத்தினேன், அன்றைக்குக் கட்டங்காப்பிதான். ஊர் மாடு மாதிரி சாதுவாகத் தெரியும், கிட்டே போய்ப் போட்டோ எடுக்காதீர்கள். கோத்தகிரிப் பக்கம் கரடி அதிகம். இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்துக்குள் நடை வேண்டாம்.

தோடர் வீடுகளைப் பார்க்கப் போகலாமா?

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒரு மந்து இருக்கிறது. மந்து என்றால் நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் ஊர். பார்வைப் பொருளாக நினைத்துப் போகாதீர்கள், அது மனிதர்கள் குடியிருக்கும் இடம். கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள், கோயில் பக்கம் போகாதீர்கள், அங்கே அவர்களுக்கே நிறைய கட்டுப்பாடு உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் அவர்களின் பூ வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடு வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுவார்கள். ஒரு சால்வைக்கு வாரக் கணக்கில் ஆகும், பேரம் பேசும்போது அது நினைவிருக்கட்டும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தால் பிடுங்கிவிடுவார்களாமே?

பிடுங்குவார்கள், அபராதமும் போடுவார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019-ல். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை அதற்கு வெகு காலம் முன்பே ஆரம்பித்தாயிற்று. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், வழியில் தண்ணீர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்ளலாம். சாப்பாடு கட்டி வந்தால் பாலிதீன் உறையில் வேண்டாம், வாழை இலையிலோ டப்பாவிலோ இருக்கட்டும்.

குறிஞ்சிப் பூ பார்க்கலாமா?

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. இடையில் பூப்பது வேறு குறிஞ்சி வகைகள், அவையும் அழகுதான்.

அதே வாரத்தில் கொடைக்கானலையும் சேர்த்துக்கொண்டால்?

ஒரு மலையில் இறங்கி, சமவெளியைக் கடந்து, பழனி வழியாக இன்னொரு மலையில் ஏற ஒரு முழுப் பகல் போய்விடும். அதற்குத் தனி இ-பாஸ் வேறு. அடுத்த வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லை. பஸ்ஸிலேயே சுற்ற முடியுமா?

தாராளமாக. மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் நடுவே அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. இந்த டிரைவர்கள் கொண்டை ஊசியில் ஸ்டியரிங் சுற்றுவதைப் பார்ப்பதே ஒரு காட்சி. காட்சிமுனைகளுக்கு மட்டும் ஜீப்போ ஆட்டோவோ பேசிக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது?

தேயிலை, அதிலும் உறைபனிக் காலத்தில் பறித்தது கிடைத்தால் விடாதீர்கள், வாசனை தனி. தைலம் ஒரு சின்ன பாட்டில், மூடியில் டேப் சுற்றி. இல்லாவிட்டால் சட்டை முழுக்க மணக்கும். அப்புறம் வர்க்கி, டீயோடு சாப்பிடும் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம். 2023-ல் ஊட்டி வர்க்கிக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. கண்ணாடி ஜாடியில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை வாங்காமல், பேக்கரியில் அன்று எந்த நேரம் போட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பைக்கு அடியில் வைத்தால் ஊர் போய்ச் சேரும்போது தூளாகியிருக்கும். ஆனாலும் பரவாயில்லை, தூளை டீயில் போட்டு ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.